வெளுக்கும் மருந்து குடித்துக் கறுத்தவள்

அத்தியாயம் ஐந்து

டப்பாவின் மேல் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தை நடுவில் ஒரு கோடு பிரித்தது. இடப்பக்கம் தேநீர், வலப்பக்கம் பால். இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குச் சிரித்தன. தேநீராக இருந்தபோதே இவ்வளவு சந்தோஷமாக இருந்தவள் எதற்குப் பாலாக மாறப் பாடுபட்டாள் என்பது சயூரனுக்கு விளங்கவில்லை. மூடியைத் திறந்து, உள்ளே இருந்த மாத்திரைகளுக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோனான்.

"அதை மணந்து பாக்காதை," என்றாள் கம்சிகா.

"மணந்தால் வெளுத்துடுவனோ அக்கா?"

"மூக்கு மட்டும் வெளுத்தால் உனக்கு வடிவா இராது."

ஒஸ்லோ நகரின் புருசெத்தில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், முன்னொரு காலத்தில் பொதுச் சலவை அறையாக இருந்த இடம்தான் கம்சிகாவின் துப்பறியும் அலுவலகம். இன்னமும் சவர்க்கார வாசம் போகவில்லை. அழுக்கு வெளுக்கிற இடம் என்று சயூரன் விளம்பரம் செய்யச் சொன்னான். அவள் மறுத்துவிட்டாள். அதற்கு முன்பு ஒரு காப்புறுதிக் கம்பனியில் இழப்பீடு கேட்டு வருபவர்களை விசாரித்து, களவு போகாத சைக்கிள்களையும் எரியாத சோபாக்களையும் கண்டுபிடித்தவள் அவள். சயூரன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவன். எல்லாவற்றையும் சந்தேகி என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அவன் பரீட்சையையும் சந்தேகித்தான். அதனால் இப்போது அவளுக்கு உதவியாளன்.

எதிரே அமர்ந்திருந்தவன் பெயர் பிரவீணன். பெர்கனில் மலைக்குள் சுரங்கப்பாதை போடும் என்ஜினியர். குளிர் கோட்டின் சிப்பைக்கூடத் திறக்காமல், பறந்துபோகத் தயாரானவன் போல் கதிரை நுனியில் இருந்தான்.

"என்ரை பொம்பிளையின்ரை காருக்குள்ளை கிடந்தது," என்று டப்பாவைக் காட்டினான். "சுஜானி. மே மாசம் எங்களுக்குக் கலியாணம். எனக்கு ஒரு விஷயம் தெரியோணும். இந்தக் குளிசை ஆளைக் கறுப்பாக்குமோ?"

"ஸேரியோஸ்த்?" என்றான் சயூரன். அவனுக்கு ஆச்சரியம் எப்போதும் நொர்வேஜிய மொழியில்தான் வரும்.

"வெளுக்கிற குளிசை எண்டுதானே டப்பாவிலை போட்டிருக்கு," என்றாள் கம்சிகா.

"அதுதான் எனக்கும் பிடிபடேல்லை. இதைப் பாருங்கோ." பிரவீணன் போனை நீட்டினான். திரை முழுவதும் சுஜானி. ஒக்டோபரில் நடந்த நிச்சயார்த்தப் படம். குங்குமப்பூப் பாலில் குளித்து எழுந்தவள் போல் இருந்தாள். "இது என்ரை உயிர்ப் படம். பெர்கனிலை மேசையிலையும் பெரிசாக்கி வைச்சிருக்கிறன். கதைக்கிற நேரமெல்லாம் அவவுக்கும் சொல்லுறனான், இந்தப் படத்துக்கு ஈடே இல்லையெண்டு. இனி இதைப் பாருங்கோ. முந்தநாள் எடுத்தது."

அடுத்த படத்திலும் அதே சுஜானிதான். அதே கண், அதே சிரிப்பு. நிறம் மட்டும் டப்பாவின் இடப்பக்கத்துக்குப் போயிருந்தது.

சயூரன் எழுந்தே விட்டான். "அக்கா, இது லேசான விஷயமில்லை. ஒஸ்லோவிலை ஒக்டோபர் துவங்கிப் பெப்ரவரி வரை சூரியனைக் காணேலாது. கஞ்சி குடிச்சுக்கொண்டு சும்மா இருந்தாலே ஆக்கள் வெளுப்பினம். இவா மருந்தும் குடிச்சுக் கறுத்திருக்கிறா!"

"அதுதானே!" என்றான் பிரவீணன், ஒருவன் புரிந்துகொண்ட நிம்மதியில்.

கம்சிகா டப்பாவை வாங்கி, பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தாள். "குளுட்டாதயோன். ஆன்டிஒக்சிடென்ட். எங்கடை உடம்பே தனக்கெண்டு செய்யிற சாமான். குளிசையா விழுங்கினால் வயிறு அதைச் சாப்பாடு மாதிரி உடைச்சுப்போடும். மிஞ்சிறது கொஞ்சம். நிறத்துக்கு உதவுமோ எண்டு சின்னச் சின்ன ஆராய்ச்சியள் நடந்திருக்கு. கொஞ்சப் பேர், கொஞ்சக் கிழமை. சிலரிலை துளி வித்தியாசம், அதுவும் மெஷின் வைச்சு அளந்தால். நிப்பாட்டினால் அதுவும் நிண்டுடும் எண்டினம். வெளுக்குமெண்டு அடிச்சுச் சொல்ல ஆதாரம் காணாது."

"கறுக்குமெண்டு?"

"அதுக்கு ஒரு ஆதாரமும் நான் கேள்விப்படேல்லை. அதாலைதான் சந்தேகமாயிருக்கு. ஒக்டோபருக்கு முதல் அவவை நேரிலை எத்தினை தரம் கண்டனியள்?"

"ஒருக்காத்தான். ரெஸ்ரோரண்டிலை."

"என்ன வெளிச்சம்?"

பிரவீணன் யோசித்தான். "நிச்சயார்த்தத்திலை மேடை லைற்றிலை கண்ணே கூசினது. ரெஸ்ரோரண்டிலை மெழுகுதிரி."

"அந்த வெளிச்சத்திலை எங்கடை சயூரனும் வடிவுதான்," என்றாள் கம்சிகா. போனைத் திரும்ப வாங்கி, நிச்சயார்த்தப் படத்தை விரலால் பெரிதாக்கினாள். சுஜானியைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போனாள். அங்கே சேலை கட்டிய ஒரு நொர்வேஜியப் பெண் நின்றாள். "இது ஆர்?"

"எம்மா. சுஜானியோடை வேலை செய்யிறவா. ரெண்டு பேரும் மூக்குக்கண்ணாடிக் கடையிலை."

"அவவுக்கு மூக்கு இருக்கோ?"

பிரவீணன் விழித்தான். சயூரன் எட்டிப் பார்த்தான். எம்மாவுக்கு இரண்டு கண் இருந்தன, உதட்டுச்சாயம் இருந்தது. இடையில் ஒன்றுமே இல்லை. வெள்ளைச் சுவரில் யாரோ கண்ணும் வாயும் ஒட்டிவிட்டுப் போனது போல் இருந்தது.

"மூக்கில்லாமல் கண்ணாடிக் கடையிலை எப்பிடி அக்கா வேலை குடுத்தவை?"

"அதைத்தான் கேக்கப் போறம். இந்தப் படம் எடுத்தது ஆர்?"

"ஸ்ட்ரோம்மனிலை ஜோர்ஜ் எண்டு ஒருத்தர். எல்லாருக்கும் அவர்தான்."

"கோட்டைக் கழட்டாதது நல்லதாப் போச்சு. வாங்கோ."

கம்சிகாவின் மின்சாரக் காருக்கு வயது போய்விட்டது. குளிர் நாளில் ஹீட்டரைப் போட்டால் பற்றரி பாதி வழியில் படுத்துவிடும். ஹீட்டரா, ஸ்ட்ரோம்மனா என்று வந்தால் கம்சிகா எப்போதும் ஊரைத்தான் தேர்ந்தெடுப்பாள். மூன்று பேரும் வாயால் புகை விட்டுக்கொண்டு போனார்கள்.

"என்ரை கணக்குப்படி இது ஆள்மாறாட்டம்," என்றான் சயூரன், பின்சீற்றைத் திரும்பிப் பார்த்து. "ஒக்டோபரிலை நிச்சயம் செய்தது அக்கா. பெப்ரவரியிலை வந்தது தங்கச்சி."

"அவா தனிப்பிள்ளை," என்றான் பிரவீணன்.

"அப்பிடிச் சொன்னது ஆர்?"

"அவாதான்."

"பாத்தியளோ!"

"சயூரன், நீ வாயை மூடினால் கார் கொஞ்சம் சூடாயிருக்கும்," என்றாள் கம்சிகா. "பிரவீணன், இதை நீங்கள் அவவிட்டையே கேட்டிருக்கலாமே?"

"எப்பிடிக் கேக்கிறது? ‘நீர் ஏன் கறுத்துப் போனீர்’ எண்டோ?"

கம்சிகா கண்ணாடியில் அவனைப் பார்த்தாள். காப்புறுதிக் கம்பனியில், எரியாத சோபாவின் சொந்தக்காரரை அவள் இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று சயூரனுக்குத் தோன்றியது. ஆனால் இவன் பணம் கேட்டு வந்தவன் அல்ல. பயந்து வந்தவன். அவனை எதற்கு அப்படிப் பார்க்க வேண்டும்?

ஜோர்ஜின் ஸ்டூடியோ பெரிய கடைத்தொகுதிக்குப் பின்னால் இருந்தது. சுவர் முழுவதும் மணப்பெண்களும் பூப்பெய்திய சாமத்தியப் பிள்ளைகளும். ஒஸ்லோவிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள அத்தனை குடும்பங்களையும் ஒரே தொட்டியில் தோய்த்து எடுத்துக் காயப்போட்டது போல் எல்லோரும் ஒரே நிறம். ஜோர்ஜ் நாகர்கோவில்காரர். மேற்படிப்புக்கு வந்து, படிப்பு முடிந்து, படம் பிடிப்பதில் நிலைத்துவிட்டவர்.

கம்சிகா போனை அவர் முன்னால் வைத்தாள். "எம்மாவின்ரை மூக்கை எங்கை வைச்சிருக்கிறியள் ஜோர்ஜ்?"

ஜோர்ஜ் படத்தைப் பார்த்தார். முகத்தில் வெட்கம் வந்தது. குற்றவாளிகளுக்கு வருவது பயம் என்று சயூரன் எங்கோ படித்திருந்தான். இது வேறு இனம்.

"வெள்ளைக்காரங்க கெஸ்ட்டா வந்தா இதாங்க பிரச்சனை," என்றார். "நம்ம ஆளுங்களுக்குக் கலர் ஏத்தினா அவங்க காணாமப் போயிடுறாங்க. போன மாசம் ஒரு கல்யாணத்துல அவங்க டேபிளே முழுசா போயிடுச்சு. வெறும் கோட்டும் டையுமா ஆறு பேர் உக்காந்து பிரியாணி சாப்பிட்டுட்டு இருந்தாங்க."

"எல்லாப் படத்துக்கும் ஏத்துறனியளோ?"

"எல்லாத்துக்கும்தான். வந்த புதுசுல ஒரு ஆல்பம் உள்ளது உள்ளபடி குடுத்தேன். அம்மா திருப்பி அனுப்பிட்டாங்க. ‘இது எங்கடை பிள்ளை இல்லை’ன்னாங்க. மூணு மாசம் எவனும் கூப்பிடல. அன்னைலருந்து மெஷின்லயே செட் பண்ணி வச்சிட்டேன். படம் உள்ள போனாலே கலர் ஏறிடும். அவங்களும் கேக்கறதில்ல, நானும் சொல்றதில்ல."

"அசல் இருக்கோ?"

ஜோர்ஜ் கணினியைத் தட்டினார். அதே மேடை, அதே மாலை. எம்மாவுக்கு நல்ல நீளமான மூக்கு, நுனியில் கொஞ்சம் சிவப்பு. முன்னால் சுஜானி, முந்தநாள் எடுத்த படத்தில் இருந்த அதே சுஜானி. சொல்லப்போனால், கோடை வெயில் தின்றதில் இன்னும் ஒரு பிடி கறுப்பு.

"அப்ப இவா கறுக்கேல்லை," என்றான் சயூரன். "குளிர்காலத்திலை எல்லாரையும் போல ஒரு சொட்டு வெளுத்திருக்கிறா. கறுத்தது படம்தான். இல்லை, வெளுத்தது படம்."

பிரவீணன் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். தன் சுரங்கப்பாதை வேறொரு மலைக்குள் போய்விட்டதைக் கண்ட என்ஜினியர் இப்படித்தான் நிற்பான்.

"ஆனா ஒண்ணுங்க," என்றார் ஜோர்ஜ். "இந்தப் பொண்ணு போன வாரம் இங்க வந்தாங்களே. இந்தப் படத்துல கன்னத்துலருந்து கலரை மட்டும் எடுத்து ஒரு அட்டையில பிரின்ட் போட்டுக் கேட்டாங்க. பெயின்ட் கடையில சுவருக்குப் பாக்கறதுக்கு குடுப்பாங்கள்ல, அந்த மாதிரி."

கம்சிகாவின் குரல் இறங்கியது. "எதுக்கெண்டு சொன்னவாவோ?"

"லோறென்ஸ்கூக்ல ஒரு ஆன்ட்டி டிரிப் போடுறாங்களாம். எதுவரைக்கும் வெளுக்கணும்னு அவங்களுக்குக் காட்டணுமாம். சனிக்கிழமை மத்தியானம்னு சொன்ன ஞாபகம்."

"இண்டைக்குச் சனி," என்றான் சயூரன்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் கம்சிகா வாசலில் நின்றாள்.

"டிரிப் எண்டால்?" பிரவீணன் பின்னால் ஓடி வந்தான்.

"அதே சாமான், ஊசியிலை. நேரா நரம்புக்கை. குளிசையை வயிறாவது மறிக்கும். இதை மறிக்க ஒருத்தரும் இல்லை. நிறத்துக்கெண்டு இந்த ஊசி போடாதேங்கோ எண்டு வேறை நாடுகளிலை எச்சரிச்சிருக்கினம். தோல், தைரொயிட், சிறுநீரகம் எண்டு ஒவ்வொண்டாச் சொல்லி. இது ஆர் கலந்த பையோ, எங்கையிருந்து வந்ததோ. ஏறுங்கோ காரிலை."

லோறென்ஸ்கூக்கில், ஜோர்ஜ் வழி சொன்ன மரியரஞ்சனி அன்ரியின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் பனி வழித்த பாதையில் பெண்களின் சப்பாத்து அடையாளங்கள் வரிசையாகக் கீழ்த்தளக் கதவுக்குப் போயின. கதவைத் திறந்த அன்ரி, முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர், சாந்தமான முகம். வந்தது யார் என்று கேட்பதற்கு முன்பே, "குளிருக்கை நிக்காதேங்கோ பிள்ளையள், உள்ளுக்கை வாங்கோ. பற்றிஸ் சாப்பிடுறியளோ?" என்றார். ஒரு மர்மக் கும்பலின் தலைவியிடம் சயூரன் இதை எதிர்பார்க்கவில்லை. தட்டில் பொரித்து அடுக்கியிருந்த பற்றிஸில் இரண்டை எடுத்துக்கொண்டான். சந்தேகத்துடன்தான் கடித்தான்.

உள்ளே, சுவரில் பனிச்சறுக்குத் தடிகள் மாட்டும் கொக்கி. அதில் தடி இல்லை. தண்ணீர் போன்ற ஏதோ நிறைந்த ஒரு பை தொங்கியது. அதன் கீழே சாய்கதிரையில் சுஜானி. வலக்கைச் சட்டை மேலே சுருட்டப்பட்டு, முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டி இறுக்கியிருந்தது. ஊசி இன்னும் உறைக்குள்தான் இருந்தது. கதிரைப் பிடியில், சீட்டுக்கட்டின் சீட்டளவில் ஒரு அட்டை. பால் நிறம்.

கடைசியாக உள்ளே வந்த பிரவீணனைக் கண்டதும் சுஜானி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அன்ரி, ஒரு நிமிஷம்," என்றாள் கம்சிகா. "நான் வாதாட வரேல்லை. உது வேலை செய்ததுக்கு ஒரேயொரு படம் காட்டுங்கோ. காட்டினால் அடுத்த பைக்கு நானே கையை நீட்டிறன்."

"ஒண்டென்ன, எத்தினை வேணும்?" அன்ரி பெருமையுடன் டேப்லெட்டை எடுத்தார். "இது முதல் எடுத்தது. இது பிறகு. முதல், பிறகு. இது என்ரை மகள், அவளுக்குத்தான் முதன்முதல் குடுத்தனான்."

முதல் எடுத்த படங்கள் எல்லாம் குசினியில், போனில் எடுத்தவை. பிறகு எடுத்தவை எல்லாம் மேடையில், மாலையும் குத்துவிளக்குமாக. கம்சிகா ஒவ்வொரு ‘பிறகு’ படத்தையும் பெரிதாக்கிப் பின்வரிசைக்குப் போனாள். வெளுத்துப்போன வாழைமரம். நெற்றியில்லாத ஒரு நொர்வேஜியக் கிழவர். காது மட்டும் மிஞ்சிய ஒரு ஆசிரியை.

"அன்ரி, இதெல்லாம் எடுத்தது ஆர்?"

"ஜோர்ஜ் தம்பிதான். ஏன்?"

"இவையிலை ஒருத்தரும் வெளுக்கேல்லை, அன்ரி. இஞ்சை வேலை செய்தது உங்கடை மருந்தில்லை. ஜோர்ஜ்."

அன்ரி மகளின் படத்துக்கு மீண்டும் போனார். பின்வரிசையைப் பார்த்தார். பிறகு டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவளுக்கு நான் முழு வருஷம் குடுத்தனான்," என்றார், தனக்குத்தானே.

வழக்கு முடிந்தது என்று சயூரன் நினைத்தான். மூன்றாவது பற்றிஸுக்குக் கையை நீட்டினான்.

"எனக்குத் தெரியும்," என்றாள் சுஜானி.

கை அந்தரத்தில் நின்றது.

"படம் பொய்யெண்டு எனக்கு முதல் நாளே தெரியும். எம்மா கடையிலை ஒவ்வொரு நாளும் கேக்கிறவா, ‘என்ரை மூக்கைக் கண்டனியோ’ எண்டு. இந்தக் குளிசையாலை ஒண்டும் நடக்கேல்லை எண்டும் தெரியும். அதாலைதான் ஊசிக்கு வந்தனான்."

"தெரிஞ்சும் ஏனம்மா?" என்றாள் கம்சிகா. பதில் தெரிந்தவள் கேட்பது போல்தான் கேட்டாள்.

சுஜானி பிரவீணனைப் பார்த்தாள். "இவருக்குத் தெரியாதே. ஒவ்வொரு நாளும் போனிலை, ‘அந்தப் படத்துக்கு ஈடே இல்லை, அந்தப் படத்திலை இருக்கிற ஆளைத்தான் கட்டப்போறன்’ எண்டு சொல்லுவார். நான் என்ன சொல்லுறது? அந்த ஆள் நான் இல்லையெண்டோ? மே மாசத்துக்குள்ளை நான் அந்த ஆளாகிட்டால், ஒருத்தரும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை எண்டு பாத்தனான்."

பிரவீணன் ஒரு அடி முன்னால் வந்தான். "சுஜானி, நான் பயந்துதான் போனனான். உமக்கு ஏதோ நோய், வருத்தமாக்கும் எண்டு..."

"என்னை நேரிலை கண்டால் உங்களுக்கு வருத்தக்காரி மாதிரியோ தெரியுது?"

சுஜானி ரப்பர் பட்டியைத் தானே அவிழ்த்தாள். அது சுருண்டு கீழே விழுந்தது. சட்டைக் கையை இழுத்துவிட்டாள். கதிரைப் பிடியில் இருந்த அட்டையை எடுத்து எழுந்து வந்து, பிரவீணனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"நீங்கள் கட்ட விரும்பின ஆள் இதுதான். பத்திரமாக் கொண்டு போங்கோ. என்னைக் கட்டுறதெண்டால், அதை நீங்கள் புதுசாக் கேக்கோணும். நான் புதுசா யோசிக்கோணும்."

கம்சிகா கொக்கியில் தொங்கிய பையைக் கழற்றினாள். "இது என்னோடை வருது அன்ரி. உள்ளுக்கை என்ன இருக்கெண்டு பாக்க வேண்டிய ஆக்கள் பாக்கட்டும்." அன்ரி தலையை ஆட்டினார். மறிக்கவில்லை. எஞ்சிய பற்றிஸை ஒரு பையில் போட்டுச் சயூரனிடம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் சுஜானி கேட்காமலே காரின் முன்சீற்றில் ஏறிக்கொண்டாள். சயூரன் பின்னால் போனான். பிரவீணன் காரை நோக்கி இரண்டு அடி வைத்து, பிறகு திரும்பிப் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

"அக்கா, உங்களுக்கு எப்ப அவரிலை சந்தேகம் வந்தது?" என்று சயூரன் மெதுவாகக் கேட்டான்.

"வந்து இருந்த உடனை. காருக்குள்ளை தெரியாத குளிசை கிடந்தால் மனுசர் முதல் என்ன கேப்பினம்? ‘இது அவவுக்கு ஆபத்தோ’ எண்டு. அவர் கேட்டது ‘கறுப்பாக்குமோ’ எண்டு. கடைசிவரைக்கும் மற்றக் கேள்வியைக் கேக்கேல்லை."

சயூரனும் கேட்கவில்லை. அது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. பற்றிஸ் பையை மடித்துக் கீழே வைத்தான்.

கார் அந்தப் பஸ் தரிப்பிடத்தைத் தாண்டியது. பனி வெளிச்சத்தில் பிரவீணன் தனியாக நின்றான். கையுறையைக் கழற்றி, அட்டையைத் தன் புறங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிந்தது, இரண்டு நிறமும் கிட்டக்கூட வரவில்லை.

சுஜானியும் பார்த்தாள். பிறகு முன்னால் திரும்பி, கைகளைத் தேய்த்துக்கொண்டு, "அக்கா, இந்தக் காரிலை ஹீட்டர் இல்லையோ?" என்றாள்.

புருசெத் வரை பற்றரி போதாது என்று கார் ஏற்கெனவே சிவப்பு எழுத்தில் எச்சரித்துக்கொண்டிருந்தது. கம்சிகா அதைப் பார்த்தாள். கையை நீட்டி ஹீட்டரைப் போட்டாள்.

"போற மட்டும் போகட்டும்," என்றாள். "மிச்சத்துக்கு சயூரன் தள்ளுவான்."